பதினாலாவது வரிசை

அம்மாவின் வீட்டு வாசலில் நின்று, அவள் கையில் கொடுப்பதற்காக வாங்கிய பூச்செண்டு அது. நெனாத் இப்போது அதைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

“பதினாலாவது வரிசைன்னுதானே அந்தப் பக்கத்து வீட்டுப் பொம்பளை சொன்னாங்க?” என்று நண்பன் துல்லியோ மூச்சிரைக்கக் கேட்டான். பெல்கிரேடு நகரத்து ஜெமூன் மேட்டில் ஏறினால் யாருக்குமே நாக்குத் தள்ளும்.

 தோழி இலாரியா நெனாத்தின் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தாள்.

இத்தாலியின் திரியெஸ்தே கல்லூரியிலிருந்து முப்பது பேர் வார விடுமுறைக்குப் பெல்கிரேடு வந்திருந்தார்கள். மற்றவர்கள் குடிக்கவும் ஆடவும் வந்தவர்கள். நெனாத் மட்டும் பெற்றவளைத் தேடி வந்தவன்.

அவனை ஐந்து வயதில் இத்தாலிக்குத் தூக்கிக்கொண்டு போன அப்பா, “உங்கம்மாவுக்கு நீ வேணாமாம்” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். போன குளிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அலமாரியின் அடித்தட்டில் பதினைந்து கடிதங்கள் கிடைத்தன. அவனுடைய பிறந்தநாளுக்கு வருஷத்துக்கு ஒன்று. பாவி மனிதர், ஒன்றைக்கூட அவன் கண்ணில் காட்டவில்லை.

எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான். ‘என்னைக்காவது வா. காபி போட்டு வச்சுக் காத்திருக்கேன்.’

அதைப் படித்த அன்றே கிளம்பியிருக்க வேண்டாமோ? பயம் விடவில்லை. பரீட்சை முடியட்டும், பயணம் வரட்டும் என்று நான்கு மாதத்தைத் தள்ளிவிட்டான்.

இன்று காலை மூன்றாவது மாடியில் அம்மாவின் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

“ராத்மிலாவா? மேட்டுமேல கல்லறைத் தோட்டத்துல பாரு, பதினாலாவது வரிசை. ஐயையோ, சூப்பு பொங்குது!” என்று கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். இலாரியா எவ்வளவோ தட்டிப் பார்த்தாள். உள்ளே அலறிய ரேடியோவில் எதுவும் எடுபடவில்லை. நெனாத் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூன்று மணிக்குப் பஸ். இப்போது மணி ஒன்றரை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கல்லறைகளைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் சிகரெட்டைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு, தனக்கு ஒன்று பற்றவைத்துக்கொண்டார்.

“இந்த ஊர்ல கல்லு செதுக்குறவன் சரியான சோம்பேறி போல,” என்றான் துல்லியோ. “அங்க பாரு, பாதியில விட்டுட்டான். இங்கயும் பாரு, அதே கதை.”

“வாயை மூடிக்கிட்டு வாயேன்டா!” என்று இலாரியா சீறினாள்.

பதினாலாவது வரிசையில் ஏழாவது கல் கறுப்பு. அதில் இரண்டு படங்கள் பதிக்கப்பட்டிருந்தன. இடப்பக்கம் மீசைக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். வலப்பக்கம் ஒரு பெண்.

நெனாத் சட்டைப்பையிலிருந்த அம்மாவின் பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்தான். கல்லிலிருந்த முகத்தில் நெற்றி ஏறியிருந்தது, கன்னம் தளர்ந்திருந்தது. ஆனால் இடது புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. பெயர் ராத்மிலா. கீழே 1974, ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான்.

“வருஷம் இன்னும் வெட்டலை,” என்று இலாரியா துல்லியோவின் காதில் சொன்னாள். “அப்படின்னா நடந்து ரொம்ப நாள் ஆகலை.”

அது நெனாத் காதிலும் விழுந்தது. அவன் அப்படியே சரிந்து கல்லைக் கட்டிக்கொண்டான்.

“நாலு மாசம்! நாலு மாசமா நான் என்னத்தைக் கிழிச்சேன்? பரீட்சையாம், பரீட்சை! அவங்க இங்க ஒத்தையில கிடந்து போயிருக்காங்க!”

“இப்படி ஆகும்னு உனக்கெப்படிடா தெரியும்?” என்றான் துல்லியோ. அவன் குரலும் உடைந்திருந்தது.

“பதினஞ்சு வருஷம் கூப்பிட்டாங்கடா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா நான்?” நெற்றியைக் கல்லில் முட்டிக்கொண்டான். இலாரியா ஓடிவந்து இடையில் கையை வைத்தாள். அடி அவள் விரலில் விழுந்தது.

துல்லியோவின் கைப்பேசி அடித்தது. பேராசிரியர். எல்லாரும் பஸ்ஸில் ஏறத் தொடங்கிவிட்டார்களாம்.

“எழுந்திருடா. அடுத்த மாசம் நாம மூணு பேரும் திரும்ப வரலாம்.”

“யாரைப் பார்க்க?” என்று கத்தினான் நெனாத். “நான் வரலை. நீங்க போங்க. நான் இங்கயே கிடக்கறேன்.”

சரளைக் கற்களில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டிய ஒருத்தி, ஒரு கையில் பிளாஸ்க்கும் மறுகையில் இரண்டு கோப்பைகளுமாக வந்து நின்றாள்.

“கொஞ்சம் நகர்ந்துக்கப்பா. காபி ஆறிடும்.”

நெனாத் முகத்தைத் திருப்பாமலே நகர்ந்தான். அவள் மீசைக்காரரின் பக்கம் மண்ணில் ஒரு கோப்பைக் காபியை மெல்ல ஊற்றினாள். பிறகு தேம்பித் தேம்பி அதிர்ந்த அவன் முதுகைப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை, பக்கத்திலேயே குந்தினாள்.

“இப்படி அழுவுறியே, உனக்கு இவரைத் தெரியுமா?”

இல்லை என்று தலையாட்டினான்.  வலப்பக்கத்துப் படத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

அவள் குழப்பத்தோடு தலைத்துணியை மேலே ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“அட, அது நான்தானேப்பா... இங்க புருஷன் போனா பொண்டாட்டி படத்தையும் சேர்த்தே பதிச்சுடுவாங்க. எனக்கு இன்னும் வருஷமே வெட்டலையே!”