வெறும் எண்ணிக்கை

அணையின் மதகுகளை இயக்கிய பழைய சிப் செத்துவிட்டது. இப்போது ஒரு கணினி அந்தச் சிப்பாக நடிக்கிறது. அதற்கான பழைய நிரலை, அதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் அசெம்பிளரில் கொடுத்து, பிழையில்லை என்றால் அதுவே நேராக அணைக்கு அனுப்பிவிடும்படி தவமணியின் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான்.

“இங்க பாரு தவமணி, எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான்” என்று சிரித்தான். “சங்கு ஊதிட்டு, மதகத் தொறக்காம சும்மா எண்ணிக்கிட்டே நிக்குது. எண்ணுன கணக்க வச்சு என்ன பண்ணுதுன்னு பாத்தா, ஒண்ணுமே பண்ணல. அப்புறந்தான் மதகத் தொறக்குது.”

“அப்ப எதுக்குண்ணே எண்ணுது?”

“எதுக்குமில்ல. தூக்கிட்டேன்.”

பிழை ஏதுமில்லை என்று திரையில் பச்சை வரி வந்தது. அவன் டீ போட உள்ளே போனான்.

சன்னலுக்கு வெளியே சங்கு ஊதியது. ஆற்று மணல்திட்டில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் பதறவில்லை. சங்குக்குப் பிறகு கரையேற எவ்வளவு நேரம் உண்டென்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி தன் குழந்தையின் கண்களைப் பொத்திக்கொண்டு, அதன் தலைக்குச் சோப்புப் போடத் தொடங்கினாள்.