யாருக்காக என்று கேட்க மறந்தவன்

திரை நிறைய ஒரே வரி.

'மழை வரவில்லை. வந்துவிட்டுப் போனது போல ஒரு வெளிச்சம்.'

அதன் கீழே மறுபடியும் அதே. அதன் கீழேயும்.

அவன் பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனான். அது முடிவதாக இல்லை.

அவனுடைய அக்கா செலின் இன்று காலை எழுதிய வரி அது. பூசைக்குப் போகும் வழியில், கடற்கரைச் சாலையில் நின்று, ஃபோனில்.

அவன் நடத்தும் சின்னத் தளம். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள், அன்றன்று தங்கள் தலைக்கு மேலே தெரியும் வானத்தைப் பற்றி ஏதாவது எழுதுவார்கள். அவ்வளவுதான். விருப்பக்குறி கிடையாது. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்றும் காட்டாது. வானத்துக்கு எதற்கு மதிப்பெண் என்று முடிவு செய்தவன் அவன்தான்.

அதனால் செலினுக்குக் கடைசிவரை தெரியவில்லை, தன்னை யாராவது படிக்கிறார்களா என்று.

இன்றோடு போதும் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். புதுப் பக்கம் வந்ததும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்பதைப் போலச் சொன்னாள்.

அந்தப் புதுப் பக்கத்தைத்தான் இப்போது செய்துகொண்டிருந்தான். ஒருவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறாரோ, அவர்கள் எழுதியது மட்டும் வரவேண்டும். புதியது மேலே. எழுதியவை ஓர் அட்டவணையில் இருந்தன. யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பது இன்னோர் அட்டவணையில். இரண்டையும் இணைத்து, தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு வினவல்.

இணைத்துவிட்டான். யாருக்காக என்று சொல்ல மறந்துவிட்டான்.

தரவுத்தளம் எல்லோருக்காகவும் எடுத்துக் கொடுத்தது. எழுதியவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்களோ, அத்தனை முறை.

இடது ஓரத்தில், அப்படிப் பின்தொடர்பவர்களின் பெயரும் ஊரும். கயத்தாறு. காரைக்கால். மன்னார். யாரோ ஒருவர் குவைத்தில்.

ஒவ்வொருவருக்கும் எதிரே அதே வெளிச்சம்.

அவன் விரல் திருத்தப் போனது.

நின்றது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனான். செலின் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

முதலில் கிண்டல் செய்தாள். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால்தான் ஒரே வரியை இத்தனை தடவை எழுத வைப்பார்கள் என்றாள். அவன் இடது ஓரத்தைக் காட்டி, அது என்ன என்று சொன்னான்.

அவள் கையை நைட்டியில் துடைத்தாள். பச்சை வாசம் போகாத விரலால் பக்கத்தை நகர்த்தினாள். காரைக்கால் போனது. மன்னார் போனது. தெரியாத பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பவில்லை.

"இவங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லயால?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு அதையும் மீறி வந்தது.

இது பிழை, சரிசெய்ய வேண்டும் என்றான் அவன்.

"கொஞ்ச நேரம் கெடக்கட்டும்ல."

கிடந்தது.

பிறகு மேசைக்குத் திரும்பி, விட்டுப்போன நிபந்தனையைச் சேர்த்தான். இந்த வாசகருக்கு மட்டும். தன்னையே வாசகனாக வைத்து ஓட்டிப் பார்த்தான்.

அக்காவின் வரி ஒரே ஒரு முறை, எல்லாவற்றுக்கும் மேலே.

சரியாக இருந்தது. கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

பெயரை எடுத்துவிடவா என்று கேட்க அடுக்களையை எட்டிப் பார்த்தான்.

முறத்தில் பாதி உருவிய கீரை. அடுப்பு அணைந்திருந்தது. சார்ஜரில் கிடந்த அவள் ஃபோனைக் காணவில்லை. மேலே, மொட்டைமாடிக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

அவன் பக்கத்தைப் புதுப்பித்தான். அதே வரி.

சற்றுப் பொறுத்து, மறுபடியும்.

காலையில் எழுதியது ஓரிடம் கீழே இறங்கியிருந்தது.