நாலு மணிக்குள் ஒரு கடிதம்

“கதவைத் திற மக்களே! ஹாரன் அடிக்கது காதுல விழலியா?”

வெளியே பிக்கப் வண்டி விடாமல் அலறியது. தன்யா கையிலிருந்த போனை மேசைமேல் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவளைக் கூப்பிட்ட ஆண் நர்ஸ் ஜெயசீலன், அதற்குள் சக்கர நாற்காலியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

அமீரகத்தின் ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில், கல் குவாரித் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் கிளினிக் அது. வண்டியிலிருந்து இறக்கப்பட்டவர் ஹசன் அலி. கல் உடைக்கும் மெஷினில் வேலை. வெயிலில் தலை சுற்றி விழுந்திருந்தார்.

“பிரஷர் கம்மியா இருக்கு. நான் சலைன் போடுதேன். நீ பேச்சுக் குடு” என்றார் ஜெயசீலன்.

தன்யா ஈரத்துணியை ஹசன் அலியின் கழுத்தில் வைத்தாள். “அண்ணே, காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?”

“குடிச்சேன் தங்கச்சி.”

“எவ்ளோ?”

“ஒரு டம்ளர்.”

“இந்த வெயில்லயா? சைட்ல தண்ணி இல்லையா?”

“ஐஸ் தண்ணியே இருக்கு.”

“அப்புறம் ஏன் குடிக்கல? திட்ட மாட்டேன், சொல்லுங்க.”

ஹசன் அலி கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினார். “தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். அது மலைக்குக் கீழ இருக்கு. போயிட்டு வர இருபது நிமிஷம். ஃபோர்மேன் யல்லா யல்லா, சீக்கிரம்னு கத்துவான். அதான் குடிக்கிறதே இல்ல.”

“கடைசியா எப்பப் போனீங்க?”

“நேத்து சாயங்காலம்.”

ஜெயசீலன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, அவள் கேட்ட கேள்விகளை வேகமாகக் குறித்துக்கொண்டார். எப்போதும் இப்படித்தான். அவளுடைய தப்புகளைத்தான் எழுதி வைக்கிறார் என்று தன்யாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

அரை மணியில் ஹசன் அலி தெளிந்தார். தன்யா போனை எடுத்து ஜெயசீலன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“என்ன பிரதர் இது? ‘டிக்ளைன்ட்’னு காட்டுது. எனக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் தர மாட்டேன்னு சொல்லிட்டீங்களா?”

“ஆமா.”

“இன்னிக்கு நாலு மணியோட அப்ளிகேஷன் முடியுது!”

ஷார்ஜாவில் பி.எஸ்ஸி. பயாலஜி முடித்த தன்யா, போன வருடம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்துத் தோற்றவள். ‘மதிப்பெண் போதும், நோயாளிகளோடு பழகிய அனுபவம் இல்லை’ என்று பதில் வந்திருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எட்டு மாதமாகத் திங்களும் வியாழனும் சம்பளமில்லாமல் இங்கே வருகிறாள். வேலையை நேரில் பார்த்த ஒருவரின் கடிதம் இல்லாவிட்டால் அந்த எட்டு மாதமும் கணக்கில் வராது.

“சீதாராமன் டாக்டர் பேரைப் போடு மக்களே.”

“அவர் வர்றது செவ்வாய்க்கிழமை. நான் வேலை செஞ்சு அவர் பார்த்ததே இல்ல. பார்த்தது நீங்க மட்டும்தான்.” தன்யா விடவில்லை. “ரிஜெக்‌ஷன் லெட்டரை மூணு தடவை வாங்கிப் படிச்சீங்க. டீ குடிக்கிறப்பல்லாம், ‘ஏன் டாக்டராகணும், சொல்லு’ன்னு இன்டர்வியூ வெச்சீங்க. இப்ப நாலு வரி எழுதக் கை வரலையா?”

“கத்தாத. உள்ள ஆளு இருக்கு.”

பாதி திறந்திருந்த உள்ளறைக் கதவு முழுதாகத் திறந்தது. கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார் டாக்டர் சீதாராமன்.

“சார்! இன்னிக்குத் திங்கள்கிழமையாச்சே?”

“உங்க பிரதர் விட்டாத்தானே? நாலு நாளா போன்லயே உயிரை வாங்கறார், ‘ஒருநாள் வந்து இந்தப் பொண்ணு வேலை செய்யறதைப் பாருங்கோ’ன்னு. நீ எழுதி வெக்கற கேஸ் ஷீட்டை ரொம்ப நாளாப் படிச்சிண்டிருக்கேன். இன்னிக்கு நேர்லயும் பார்த்தாச்சு.” டாக்டர் கட்டிலைக் காட்டினார். “இந்த ஹசன் அலி இதே மயக்கத்தோட என்கிட்ட மூணு தடவை வந்திருக்கார். தண்ணி குடின்னுதான் சொல்லி அனுப்பினேன். ஏன் குடிக்கலேன்னு ஒரு தடவைகூடக் கேக்கத் தோணலை. அந்த லெட்டர் லிங்க்கை என் மெயிலுக்கு அனுப்பும்மா.”

தன்யா போனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். ஜெயசீலனின் பெயரை எடுத்துவிட்டு டாக்டரின் பெயரைப் போட்டு அனுப்பினாள். டாக்டர் உள்ளே போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பன்னிரண்டே காலுக்கு அவள் போனில் செய்தி வந்தது: கடிதம் கிடைத்தது; விண்ணப்பம் முழுமை.

தன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்து டிரேயை அடுக்கிக்கொண்டிருந்த ஜெயசீலனிடம் போனாள்.

“தேங்க்ஸ் பிரதர். ஆனா ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. டாக்டரையே வரவழைக்கிற ஆளு, நீங்களே எழுதித் தந்திருக்கலாமே! என் மேல அப்படி என்ன கோபம்?”

ஜெயசீலனுக்கு முப்பத்தாறு வயது. பத்தாம் வகுப்புப் பையன் போல வெட்கப்பட்டு, தரையைப் பார்த்துச் சிரித்தார்.

“கோவமெல்லாம் இல்ல மக்களே. கூடப் போட்டி போடுதவன் லெட்டர் குடுக்கக் கூடாதுன்னு எனக்கு வந்த ஃபாரத்துலயே போட்டிருக்கு. அதே காலேஜுக்கு நானும் அப்ளை பண்ணியிருக்கேன்.”