சுரண்டிய பாதி

முல்லைத்தீவுக் கரையில் அனோஜனின் படகை இழுத்துக் கவிழ்த்தார்கள். அதன் அடிப்பக்கத்தில் ஒரு பாதி முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பிக் கிடந்தன. மறுபாதி வழுவழுவென்று இருந்தது.

அந்த மறுபாதிக்கு மட்டும் மருந்து பூசியவள் அவன் மனைவி தாட்சாயினி. பல்கலைக்கழக ஆய்வுக்காக, கடற்பஞ்சிலிருந்து வருடக்கணக்காகப் பாடுபட்டுப் பிரித்தெடுத்த, படகில் எதுவும் ஒட்டாமல் தடுப்பதற்கான மருந்து அது.

“ஒண்டுமே ஒட்டேல்லை! பாத்தீங்களே? பேராசிரியருக்கு இப்பவே சொல்லப்போறன்” என்று அவள் போனை எடுத்தாள்.

அனோஜன் அவள் கையைப் பிடித்தான்.

“பொறும், தாட்சா. ஊருலகத்துக்குச் சொல்ல முதல் ஒரு கதை கேளும். கிழமைக்கு ஒருக்கா முக்குளிச்சு அந்தப் பாதியைச் சுரண்டினது நான்தான்.”

“ஏன்?” என்றாள் அவள்.

“தோத்துப்போனா நீர் தாங்கமாட்டீர் எண்ட பயம்தான்.”

“அப்ப என்ரை மருந்து சரிவரேல்லை. நிறைய ஒட்டியிருந்ததோ?”

“இல்லை” என்று அவன் தலைகுனிந்தான். “பூசின முதல் கிழமையே தொடங்கிட்டன். ஏதும் ஒட்ட முதலே சுரண்டினனான்.”

“அப்ப ஒட்டியிருக்குமோ, ஒட்டாதோ எண்டு உங்களுக்கும் தெரியாது?”

“தெரியாது.”

தாட்சாயினி போனைப் பைக்குள் வைத்தாள்.

“என்ரை மருந்தைப் பாத்து ஊரே சிரிச்சது. நீங்கள் ஒராள்தான் நம்பினனீங்கள் எண்டு நினைச்சனான்” என்றாள்.