வேட்டி நுனி

ஒரு முதலமைச்சரை என் கரைவேட்டியின் நுனியால் இழுத்துக் கீழே தள்ளியவன் நான். அன்று எங்கள் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூட்டம். தலைவர் தணிகைவேலனை மாற்றிவிட வேண்டும் என்று ஆளாளுக்குக் காதைக் கடித்தோமே தவிர, முதலில் வாய் திறக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தலைவர் உள்ளே வந்தார். அவர் வந்தால் சுவரில் மாட்டிய படங்கள்கூட எழுந்து நிற்கும். நானும் எழப் பார்த்தேன். வேட்டி நுனி பக்கத்து நாற்காலியின் காலுக்கு அடியில் மாட்டியிருந்தது. எழுந்தால் மானம் போய்விடும். உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். பாதி எழுந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். 'ஓகோ, ஆரம்பிச்சாச்சா!' என்று ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதோடு பதவியும் போனது.

இந்தக் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அன்று அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்து, மறுநாள் முதலமைச்சரான மாசிலாமணி மட்டும், "யோவ் சடையப்பா, புளுகாதய்யா" என்று எரிந்து விழுவார்.

நேற்று தணிகைவேலனின் சாவுக்குப் போயிருந்தோம். மாலை வைத்துவிட்டுத் திரும்பிய மாசிலாமணி என் வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிஜம்தான்யா. நாற்காலியைத் தூக்கச் சொல்லி நீ என் தொடையைக் கிள்ளினே. வலிச்சுது. இன்னும் அழுத்தி உக்காந்துக்கிட்டேன்."