மாஸ்டரைக் கலைத்தவர்

“அந்தாளை ஆர் இஞ்சை கூப்பிட்டது?”

ஆனந்தராசா போட்ட சத்தத்தில், கதிரை அடுக்கிக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

ஒக்லாந்தில், பாபகூரா மண்டபத்து வாசலில் வரதராஜன் நின்றார். கையில் ஊன்றுகோல். கழுத்துவரை பூட்டிய கோட். ஊரில் இவர்கள் படித்த கல்லூரியின் அதிபராக இருந்தவர். இப்போது பக்கத்து ஊரான தகனினியில் மகளோடு இருக்கிறார். மகள் வேலைக்குப் போய்விட்டால் அவருக்கும் சுவருக்கும்தான் பேச்சு என்று கேள்வி.

“ஒருத்தரும் கூப்பிடேல்லை அண்ணை. தானா வந்திட்டார்,” என்றாள் சுகந்தினி. “பாவம், ஒரு தேத்தண்ணி குடுக்கட்டே?”

“குடும், குடும். ஆலாத்தியும் எடும்!”

அன்றைக்குப் பழைய மாணவர் ஒன்றுகூடல். கனடாவிலிருந்து குலசிங்கம் மாஸ்டர் வருகிறார். கல்லூரிக்குக் கால்பந்து பழக்கியவர். அதுவரை கண்ணாலும் கண்டிராத கப்பை எடுத்துத் தந்தவர். இறுதி ஆட்டம் முடிந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஊர்வலம் போனது.

அதே கிழமை, காலைப் பிரார்த்தனை முடிந்ததும், முழுக் கல்லூரிக்கும் முன்னால் அதிபர் சொன்னார்: “இண்டையிலிருந்து குலசிங்கத்துக்கும் இந்தக் கல்லூரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

காரணம் சொல்லவில்லை. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு படலையைத் தாண்டிப் போனார். அதன்பிறகு யாழ்ப்பாணத்தில் அவரை ஒருவரும் காணவில்லை.

ஊர் கொதித்தது. அதிபருக்கு எரிச்சல் என்றார்கள். தன் மருமகனைக் கொண்டுவரப் பார்க்கிறார் என்றார்கள். பெடியள் அவருடைய சைக்கிள் காற்றைத் திறந்துவிட்டார்கள். மனுசன் வாய் திறக்காமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

கடல் தாண்டி ஒக்லாந்துக்கு வந்தும் கதை ஓயவில்லை. எந்த வீட்டு விருந்தென்றாலும் சாப்பிட்டுக் கை கழுவியதும் அதுதான். கோல் அடித்தவனின் பெயர்கூட மறந்துபோயிற்று. மாஸ்டரைக் கலைத்து விரட்டியவரின் பெயர் மறக்கவில்லை.

ஆனந்தராசாவுக்கு மனைவி இல்லை. மகன் சிட்னியில். தனிக்கட்டை. கிழமை நாட்களில் அவர் காதில் விழும் தமிழ், வானொலித் தமிழ் மட்டும்தான். சிலவேளை ரயிலில் அதிபர் இருப்பார். இவரைக் கண்டதும் பையை மடியில் எடுத்து வைத்து, பக்கத்து இருக்கையைக் காட்டுவார்.

ஆனந்தராசா அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

“வந்த மனுசன் பின்னாலை ஒரு மூலையிலை இருந்திட்டுப் போகட்டுமே,” என்றாள் சுகந்தினி.

“மாஸ்டர் கண்டு நொந்துபோனால்? போனிலைகூட அந்தக் கதையை எடுக்கவேண்டாமெண்டு உங்கள் எல்லாருக்கும் ஏன் சொன்னனான்?”

வாசலுக்கு நடந்தார் ஆனந்தராசா.

“ஆனந்தராசா, குலம் வந்திட்டாரோ?” அதிபரின் முகத்தில் சிரிப்பு.

“வந்தால் உமக்கென்ன?”

உமக்கு! சைக்கிள் காற்றைத் திறந்துவிட்ட பெடியள்கூட முகத்துக்கு நேரே அவரை ‘நீங்கள்’ என்றுதான் சொன்னார்கள். அதிபரின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“தூரத்திலை நிண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போறன். கதைக்கவும் மாட்டன்.”

“அண்டைக்கு மாஸ்டரைத் தலை குனிய வச்சது போதாதே? இண்டைக்கு அழவும் வைக்கப்போறீரோ?”

வரதராஜன் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார்.

“சரி. சுகமா இருக்கிறாரோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.”

தூறலில் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி ஸ்டேஷன் பக்கம் நடந்தார். ஆனந்தராசா கதவைச் சாத்தினார்.

“என்ன இருந்தாலும் வயசு போன மனுசன் அண்ணை…”

“நான் செய்தது சரி.”

அவளை அவர் பார்க்கவில்லை. அடுக்கிய கதிரைகளையே திரும்பவும் அடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. மாலை, பொன்னாடை, கைதட்டல். மாலை போட்டது ஆனந்தராசாதான். மாஸ்டர் மாலைக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

“எங்கை அதிபர்? அவர் இஞ்சை இருக்கிறார் எண்டு கேள்விப்பட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்.”

எல்லோரும் ஆனந்தராசாவைப் பார்த்தார்கள்.

“வந்தவர்…” சுகந்தினி இழுத்தாள். “அண்ணைதான்…”

“அந்தாள் உங்களுக்கு என்னத்துக்கு மாஸ்டர்?” ஆனந்தராசா வெடித்தார். “கப் எடுத்துத் தந்த உங்களைக் கலைச்ச மனுசன்!”

“கலைச்சவரோ?” மாஸ்டர் திகைத்துப்போனார். “என்னை வேலையிலையிருந்து நிப்பாட்டுங்கோ எண்டு காலிலை விழுந்து கேட்டதே நான்தானே! என்ரை மனுசி கொழும்பு ஆஸ்பத்திரியிலை உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தா. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கவேணும். கல்லூரி வேலையிலை இருக்கிற உனக்கு இல்லையெண்டிட்டாங்கள். ஊர் முழுக்கத் தெரிய உன்னைக் கலைச்சால்தான் அவங்கள் நம்புவாங்கள். கெட்ட பேர் எனக்கு வரட்டும், நீ மனுசியைப் போய்ப் பார் எண்டவர் அந்த மனுசன்.”

ஆனந்தராசா தான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப… ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“பாஸுக்கு என்ரை தம்பி பிணை நிண்டவன். உண்மை தெரிஞ்சால் அவனைத்தான் பிடிப்பாங்கள். அவன் அங்கை இருக்குமட்டும் இந்தக் கதையை வெளியிலை விடாதேங்கோ எண்டு அதிபரின்ரை கையைப் பிடிச்சுக் கேட்டனான்.”

“தம்பி இப்பவும் ஊரிலையோ மாஸ்டர்?”

“இல்லை. அவன் அடுத்த வருசமே கனடாவுக்கு வந்திட்டான்.” மாஸ்டர் மாலையைக் கழற்றினார். “இனிச் சொல்லலாம் எண்டு அதிபருக்குச் சொல்லத்தான் எனக்கு ஞாபகம் வரேல்லை. இன்னுமா அந்த மனுசன் வாய் திறக்கேல்லை?”