முதல் பக்கத்துப் பெயர்

"யோவ் ஞானதுரை! இந்தப் புத்தகத்துல கிறுக்குன கைய வெட்டிக் கொண்டாந்து இங்கன மேசையில வையி. மிச்சத்த அப்புறம் பேசுவோம்!"

கோட்டைச்சாமி போட்ட சத்தத்தில் எதிர்க்கடை பலவேசத்தின் தராசு தானாக ஆடியது. தேனிச் சந்தைக்கு வந்திருந்த மாடுகளில் பாதி கயிற்றை அறுத்துக்கொண்டு பெரியகுளம் ரோட்டில் ஓடியிருக்கும்.

வாடகை நூல் நிலையம் நடத்தும் ஞானதுரை பதறி எழுந்தார். எதிரே நிற்பவர் பஞ்சு வியாபாரி மட்டுமல்ல, கடை இருக்கும் கட்டடத்துக்கே சொந்தக்காரர்.

"என்ன முதலாளி ஆச்சு?"

"என்ன ஆச்சா? எம்பொஞ்சாதி இந்தப் புத்தகம் எப்ப வரும் எப்ப வரும்னு ஒரு மாசமாச் சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா. காலையில வாங்கிட்டுப் போயி, அவ கையில குடுக்கறதுக்கு முன்னாடி நல்லவேள, நான் பிரிச்சேன். மொதப் பக்கத்துலயே கொலைகாரன் இன்னாருன்னு எழுதி வச்சிருக்கு! அவ கண்ணுல படாமக் கிழிச்சு அடுப்புல போட்டேன்."

புத்தகத்தை மேசையில் வீசினார். அட்டையில் சாருபாலா முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஞானதுரைக்கும் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? சாருபாலா துப்பறியும் வரிசையில் இது பன்னிரண்டாவது, கடைசிப் புத்தகம். முதல் புத்தகத்தில் டூரிங் கொட்டகை ஒன்று தீப்பிடிக்கிறது. கதவை எவனோ வெளியே பூட்டியிருக்கிறான். தப்பியது சாருபாலா ஒருத்திதான். அன்றிலிருந்து புகை வாசனை பட்டாலே நடுங்குகிற பெண், ஊரார் வீட்டுக் கொலைகளையெல்லாம் கண்டுபிடிக்கிறாள். கொட்டகைக் கதவைப் பூட்டியவனை மட்டும் பதினோராவது புத்தகம் வரை பிடிக்க முடியவில்லை.

அவன் யார் என்று தெரிந்துகொள்ள நாற்பத்து மூன்று பேர் நோட்டில் பெயர் பதிந்திருந்தார்கள். சின்னமனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் உண்டு. காமயகவுண்டன்பட்டியில் ஒரு கல்யாணத்தையே தள்ளிப்போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரின் மனைவிகூட முப்பத்தெட்டாவதாகக் காத்திருந்தார்.

இப்பேர்ப்பட்ட புத்தகத்தில் கொலைகாரன் பெயரை எழுதி வைப்பவனைவிட அந்தக் கொலைகாரனே மேல் என்பது ஞானதுரையின் கட்சி. 'கிறுக்குவோர் ஏழு தலைமுறைக்கும் சேர்க்கப்பட மாட்டார்கள்' என்று போர்டே மாட்டியிருந்தார்.

"என்ன பேரு எழுதியிருந்துச்சு முதலாளி?"

"அத வேற என் வாயால சொல்லணுமாக்கும்? எனக்கு முன்னாடி வாங்கிட்டுப் போனது யாரு? அதச் சொல்லுய்யா!"

சொல்ல வாயைத் திறந்த ஞானதுரை மூடிக்கொண்டார். முன்னால் வாங்கியது ஒரே ஆள், சுப்புத்தாய். பன்னிரண்டு புத்தகத்துக்கும் முதல் ஆளாகப் பெயர் பதிந்தவள். வலது கை விரல்கள் வெந்து ஒட்டிப்போனதால் இடது கையால் பென்சிலை உலக்கைபோல் பிடித்து எழுதுவாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள். அவளா?

"நோட்டு வீட்டுல இருக்கு. பாத்துச் சொல்றேன் முதலாளி."

"சாயந்தரம் வருவேன். பேரு வேணும். இல்ல, நீ உள்ள உக்காந்திருக்கையிலயே வெளிய பூட்டுப் போட்டுட்டுப் போயிருவேன். பூட்டறது எனக்கொண்ணும் புதுசில்ல!"

அவர் போன கால்மணி நேரத்தில் சுப்புத்தாய் வந்தாள். ஞானதுரை புத்தகத்தை அவள் முன்னால் ஆட்டினார்.

"ஏத்தா, நீயா எழுதுன?"

"ஆமாண்ணே."

அவர் புத்தகத்தை மேசையில் அறைந்தார். "நெஞ்சழுத்தத்தப் பாரு! நாப்பத்தி மூணு பேரு வயித்தெரிச்சல், ஒனக்குப் பரவாயில்லையா? ஒன்னால என் கடை போகப்போகுது! கோட்டைச்சாமி முதலாளிகிட்ட ஒம்பேரச் சொல்லிட்டு நிம்மதியாப் படுக்கப்போறேன்."

"சொல்லுங்க. அடுத்த ஆளு அவுக வீடுன்னு நோட்டுல பாத்துட்டுத்தான் எழுதுனேன்." இதுவரை கேட்டிராத குரலில் அவளும் வெடித்தாள். "கதையக் கெடுத்துட்டேன்னு சொல்றீகளே, என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீகளா? சாருபாலாவுக்குப் பன்னண்டு புத்தகம் கெடச்சுச்சு. நான் எழுதுனது ஒத்த வரிண்ணே!"

விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

ஞானதுரை மூக்குக்கண்ணாடியை மாட்டினார். முதல் தாள் அடுப்புக்குப் போய்விட்டது. ஆனால் அவள் பென்சிலை அழுத்திய அழுத்தத்துக்கு, அடுத்த தாளிலும் தடம் விழுந்திருக்குமே! ஆயிரம் துப்பறியும் நாவல் படித்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா? பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் மேலே வந்தன.

பார்சல் வந்த அன்றே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டவர் அவர். கொட்டகையைப் பூட்டியது சாருபாலாவின் சித்தப்பா தணிகாசலம். அந்தப் பெயரைத்தான் தேடினார். இல்லை.

'ஒம்பது வருசத்துக்கு முந்தி, நாங்க நாலு பேரும் உள்ள வேலையில இருக்கையில பஞ்சுக் குடோன வெளிய பூட்டிட்டு, தீயப் பாத்தும் தொறக்காம, மூணு பேரச் சாகவிட்டுப் போன கொலைகாரன் கோட்டைச்சாமி.'

கிறுக்கலை அழிப்பதற்கென்றே மேசையில் வைத்திருந்த ரப்பரை ஞானதுரை ஜன்னல் வழியே வீசினார். சிவப்புப் பென்சிலைக் கூராகச் சீவி, அந்த வரியின்மேல் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார். பிறகு, வரிசையை ஒருநாளும் மீறாத அந்த மனிதர், முப்பத்தெட்டாவதாகக் காத்திருந்த இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தார்.